பீடியைக் கேட்டார்கள், பாய்லரைக் கேட்கவில்லை: ஒரு நுரையீரல் ஸ்கேன் தொகுப்பின் மதிப்புரை

கோயம்புத்தூரில் உள்ள ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில், நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதற்கென்று வழங்கப்படும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. பரிசோதனையை 2024ஆம் ஆண்டு என் தந்தைக்கு எடுத்தோம். கட்டணம் 4,500 ரூபாய். ஸ்கேன், மூச்சு ஊதும் சோதனை, மருத்துவர் ஒருவருடன் சிறிது நேர ஆலோசனை ஆகியவை அதில் அடங்கும். மையத்தின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. இங்கே எழுதப்போகும் குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னர் நான் விசாரித்த வேறு இரண்டு மையங்களிலும் ஏறக்குறைய அதே படிவத்தைத்தான் நீட்டினார்கள்.

அப்பாவுக்கு அப்போது 69 வயது. பஞ்சாலை ஒன்றின் பாய்லர் அறையில் 1977இல் உதவியாளராகச் சேர்ந்து, 2003இல் ஆலை மூடப்படும்வரை 26 ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்தவர். நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தவர், 2015இல் பேரன் பிறந்ததும் அதை விட்டுவிட்டார். ஸ்கேன் எடுத்த சமயம்வரை நடமாட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவரோடு அதே பாய்லர் அறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். நோய் தெரியவந்ததற்கும் இறப்புக்கும் இடையே ஐந்து மாதங்கள்கூட இல்லை. துக்கம் விசாரித்துத் திரும்பிய அன்று இரவு அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார். அடுத்த வாரமே நான் முன்பதிவு செய்தேன்.

நம் நாட்டில் அரசு நடத்தும் முன்கண்டறிதல் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் உள்ளன, நுரையீரல் இல்லை. ஆகவே இந்த ஸ்கேனை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தனியார் மையங்களையே நாட வேண்டியிருக்கிறது. சோதனைக்கு வலுவான அடிப்படை உண்டு. அமெரிக்காவில் 53,454 பேரைக்கொண்டு நடத்தப்பட்டு 2011இல் முடிவுகள் வெளியான ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் 20 விழுக்காடு குறைந்திருந்தன. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், ஆண்களிடையே பத்தாண்டு முடிவில் இந்தக் குறைவு 24 விழுக்காடாக இருந்தது. இரண்டிலும் பங்கேற்றவர்கள் நெடுங்காலம் புகைபிடித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்க ஆய்வில், சந்தேகத்துக்குரியது என்று சி.டி. காட்டிய முடிவுகளில் 96 விழுக்காட்டுக்கும் மேலானவை புற்றுநோயாக இருக்கவில்லை. இந்தச் செய்தியை மையத்தின் மருத்துவர் ஸ்கேனுக்கு முன்பே அப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பணம் கட்ட வந்தவரிடம் சோதனையின் வரம்பை முதலில் சொல்லும் மருத்துவரை நான் மதிக்கிறேன்.

ஸ்கேன் எடுத்த விதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தொழில்நுட்பர் அப்பாவைப் படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை மூன்று முறை தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். ஊசி, மருந்து எதுவும் தேவைப்படவில்லை. இயந்திரத்துக்குள் இருந்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ‘குறைந்த கதிர்வீச்சு’ என்று சொல்லிவிட்டுச் சாதாரண அளவிலேயே எடுத்துவிடும் இடங்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால், கதிர்வீச்சு அளவுத் தாளைக் கேட்டு வாங்கினேன். கருவியின் வெளியீட்டு அளவு 1.9 மில்லிகிரே என்று அதில் இருந்தது. சராசரி உடல்வாகு உள்ளவருக்கு இது 3 மில்லிகிரேக்குள் இருக்க வேண்டும் என்பது வரையறை. மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட் வருகிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஆண்டுதோறும் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் என்பதோடு ஒப்பிட்டால் இது அச்சப்படும் அளவன்று. இந்தத் தாளை ஒவ்வொருவரும் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து.

குறை தொடங்கியது படிவத்தில். வயது, எடை, பீடியா சிகரெட்டா, நாளைக்கு எத்தனை, எத்தனை ஆண்டுகள், எப்போது விட்டார், குடும்பத்தில் யாருக்கேனும் புற்றுநோய் உண்டா, முன்பு காசநோய் வந்ததா, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஒரு பக்கம் முழுவதும் கேள்விகள் இருந்தன. பீடியைச் சிகரெட்டிலிருந்து பிரித்துக் கேட்டிருந்தது நன்று. ஆனால் ‘என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்ற கேள்வி எங்கும் இல்லை. ‘தொழில்’ என்ற ஒரு கட்டம் மேலே முகவரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் வரவேற்பில் இருந்த பெண் ‘ஓய்வு’ என்று எழுதினார். அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை. அதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அந்த அறையின் வெப்பத்தைப் பற்றியும் ஓசையைப் பற்றியும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நானே, அங்கே இருந்த தூசியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது. வலது கீழ்மடலில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சு இருப்பதாகவும், முன்கண்டறிதல் ஸ்கேன்களுக்கென வகுக்கப்பட்ட லங் ராட்ஸ் முறையில் அது 2ஆம் வகை என்றும், ஓராண்டு கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திண்மையான முடிச்சு முதல் ஸ்கேனில் தென்பட்டால் அப்படித்தான் வகைப்படுத்த வேண்டும். எனவே அந்தப் பகுதி சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே, ‘பிற கண்டறிதல்கள்’ என்ற தலைப்பின் அடியில் ஒற்றை வரி: இரு பக்கமும் நுரையீரல் உறையில் சுண்ணாம்புப் படிவு, பழைய கோக்ஸின் எச்சமாக இருக்கலாம்.

கோக்ஸ் என்றால் காசநோய் என்பது மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கிய எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். அப்பாவுக்குக் காசநோய் வந்ததே இல்லை. படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தோம். ‘எனக்குத் தெரியாம வந்துட்டுப் போயிருக்குமா கண்ணு?’ என்று அவர் கேட்டார். அன்று இரவே அவர் தன் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பேரனைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. பழைய தழும்பு யாருக்கும் தொற்றாது என்று எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகே தட்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. ரிப்போர்ட்டின் ஒற்றை வரி பதினாறு நாள் எங்கள் வீட்டை இப்படி வைத்திருந்தது.

சளி முடிவைப் பார்த்த நெஞ்சக மருத்துவர், ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்து, ‘ஐயா, மில்லுல நீங்க எந்தப் பக்கம் வேலை பார்த்தீங்க?’ என்று கேட்டார்.

‘பாய்லருங்க. இருபத்தாறு வருசமுங்க.’

‘பைப்புக்கு மேல பூச்சு பூசுற வேலையெல்லாம் நீங்களே செஞ்சீங்களா?’

‘நாங்கதானுங்க. மேன்ஹோல் கதவுக்கு வெள்ளைக் கயிறு வெச்சு அடைப்போம். ஸ்டீம் பைப்புக்கு மாவு மாதிரி மூட்டையில வருமுங்க, தண்ணி ஊத்திக் கொழைச்சுப் பூசுவோம். வருசா வருசம் பாய்லரை நிறுத்துறப்ப பழைய பூச்சைச் சுத்தியல்ல தட்டி எடுக்கணும். எதுக்க நிக்கற ஆளு தெரியாதுங்க, அத்தனை தூசி.’

அந்த வெள்ளைக் கயிறும் மூட்டையில் வந்த மாவும் கல்நார், அதாவது நாம் கூரைத் தகட்டின் பெயராக மட்டும் அறிந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ். வெப்பம் தாங்கும், தீப்பிடிக்காது, நூலாகத் திரிக்கலாம் என்பதால் பாய்லர், நீராவிக் குழாய், கப்பல், ரயில் பெட்டி, பிரேக் கட்டை என்று எல்லா இடங்களிலும் அது புழங்கியது. தட்டும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பிரிந்து காற்றில் மிதந்து, மூச்சோடு போய் நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகிறது. உடலால் அதைக் கரைத்து வெளியேற்ற முடிவதில்லை. வெள்ளைக் கல்நார் உட்பட அதன் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளைக் கல்நாரின் பயன்பாடு இன்றும் தடைசெய்யப்படவில்லை.

மருத்துவர் எங்களிடம் இருந்த குறுந்தகட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் இந்தச் சேவையின் இரண்டாவது குறை வெளிப்பட்டது. ஸ்கேன் எடுத்தது, நெஞ்சைக் குறுக்கே சீவியதுபோன்ற ஒரு மில்லிமீட்டர் தடிமன் படத்துண்டுகளாக. எங்களுக்குத் தந்த குறுந்தகட்டில் இருந்ததோ ஐந்து மில்லிமீட்டர் துண்டுகள் மட்டும். 5 மில்லிமீட்டர் முடிச்சைத் தேடும் சோதனையின் படங்களை 5 மில்லிமீட்டர் தடிமனில் பதிந்து கொடுப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. மெல்லிய துண்டுகளை மையங்கள் சில வாரங்களில் அழித்துவிடுவதுண்டு என்று மருத்துவர் சொன்னதால், அங்கிருந்து நேரே மையத்துக்கு ஓடினேன். அழிக்கப்படாமல் இருந்தன, மறுபேச்சில்லாமல் பதிந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கும் அன்றே ‘மெல்லிய துண்டுகளையும் சேர்த்துப் பதிந்து தாருங்கள்’ என்று கேட்டுவிடுவது நல்லது.

அந்தப் படங்களை வைத்து அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். நுரையீரலைச் சுற்றியுள்ள உறை இரண்டு படலங்களால் ஆனது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றொன்று விலா எலும்புகளின் உட்புறத்தில் ஒட்டியது. கல்நார் இழைகளால் உறையில் உண்டாகும் தடித்த திட்டுகளைத் தகடுகள் என்கிறார்கள். அவை பெரும்பாலும் விலாவை ஒட்டிய படலத்தில் தோன்றுகின்றன. முதன்முதலில் தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகே அவை படத்தில் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. இரு பக்கமும் இருக்கும். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஆறாம் விலாவுக்கும் ஒன்பதாம் விலாவுக்கும் இடையிலும், உதரவிதானத்தின் மேட்டிலும் உருகிய மெழுகு வழிந்து உறைந்தாற்போல் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். நுரையீரலின் உச்சியையும், விலாவும் உதரவிதானமும் சந்திக்கும் மூலையையும் பெரும்பாலும் தொடாது. காசநோயால் உறைக்குள் நீர் கோத்து ஆறியதன் எச்சம் வேறு விதமாக இருக்கும். அது பெரும்பாலும் ஒரே பக்கத்தில், தடித்த ஓடுபோல் பரந்து படிந்து, அந்த மூலையை அடைத்து, அந்தப் பக்கத்து நுரையீரலைச் சுருக்கி, விலாக்களை நெருங்கச் செய்துவிடும். அப்பாவின் படத்தில் உதரவிதானத்தின் இரண்டு மேடுகளிலும் வெள்ளைக் கோடுகள் தெளிவாக இருந்தன. இரண்டு மூலைகளும் கூர்மையாக, அடைப்பின்றி இருந்தன. உச்சியில் எதுவும் இல்லை.

காசநோய் மலிந்த நாட்டில் படம் படிக்கும் மருத்துவரின் கண், சுண்ணாம்புப் படிவைக் கண்டவுடன் காசநோயை நினைப்பதில் வியப்பில்லை. நாளொன்றுக்கு அவர் பார்க்கும் படங்களில் எத்தனையோ பேருக்கு அதுவே சரியான விடையாகவும் இருக்கும். ஆனால் முன்னால் உள்ள தாளில் ‘பாய்லர், 26 ஆண்டு’ என்ற சொற்கள் இருந்திருந்தால் அவர் உதரவிதானத்தை இன்னொரு முறை பார்த்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் வருத்தம் அவருடைய கண்ணைப் பற்றியதன்று. அவருக்கு எதையும் சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்பிவைத்த படிவத்தைப் பற்றியது.

மருத்துவரை யோசிக்க வைத்த இன்னொன்றும் இருந்தது. இரு நுரையீரல்களின் பின்பக்க அடியில், உறைக்குச் சற்று உள்ளே மெல்லிய கோடுகள் தெரிந்தன. நுரையீரலின் திசுவே இறுகித் தழும்பாகும் அஸ்பெஸ்டோசிஸ் என்னும் நோயின் தொடக்கமும் அப்படித்தான் தெரியுமாம். மல்லாந்து படுத்திருக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி தன் எடையாலேயே சற்று அமுங்கி உண்டாகும் கோடுகளும் அப்படியே தெரியுமாம். இரண்டையும் பிரித்தறிய, குப்புறப் படுக்கவைத்துக் கீழ்ப்பகுதியை மட்டும் மீண்டும் எடுக்க வேண்டும். அமுக்கத்தால் வந்த கோடு என்றால் மறைந்துவிடும், தழும்பு என்றால் அங்கேயே நிற்கும். அதே மையத்திலேயே எடுத்தோம். கோடுகள் மறைந்துவிட்டன. ஊதும் சோதனையோடு, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனை அளக்கும் சோதனையையும் வேறொரு மருத்துவமனையில் செய்தோம். அப்பாவின் வயதுக்கு உரிய அளவில் இருந்தது. ஆக, அவருக்கு இருப்பவை தகடுகள் மட்டுமே, அஸ்பெஸ்டோசிஸ் இல்லை என்று முடிவானது.

இந்தத் தகடுகளைப் பற்றி இணையத்தில் தேடினால் பயம்தான் மிஞ்சும் என்பதால் மருத்துவர் சொன்னதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். தகடு புற்றுநோயன்று. அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெரும்பாலோருக்கு அதனால் மூச்சுத் திணறலும் வருவதில்லை. அறுவை, மருந்து எதுவும் தேவையில்லை. இந்த உடல் ஒரு காலத்தில் கல்நார்த் தூசியைப் போதிய அளவுக்குச் சுவாசித்திருக்கிறது என்பதற்கான சான்று அது. பீடி குடித்த ஒருவருக்கு அந்தச் சான்று எத்தனை முக்கியம் என்பதை அமெரிக்கக் கல்நார்த் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. புகையும் கல்நாரும் தொடாதவரின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு அபாயத்தை ஒன்று என்று கொண்டால், கல்நாரில் மட்டும் வேலை பார்த்தவருக்கு அது ஏறக்குறைய ஐந்து மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு ஏறக்குறைய பதினொரு மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்கைத் தாண்டியது. அவர்கள் சிகரெட் பிடித்தவர்கள், தூசியில் மிகக் கடுமையாகத் தோய்ந்தவர்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே அப்பாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்ற செய்தி பொருந்தும். கல்நார் நோய்களைக் கண்டறிவதற்கென ஹெல்சிங்கியில் வகுக்கப்பட்டு 2014இல் புதுப்பிக்கப்பட்ட நெறிமுறைகள், கல்நாரில் புழங்கியவர்களில் அபாயம் மிகுந்தவர்களுக்கு இந்தக் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனைப் பரிந்துரைக்கின்றன. அப்படியானால் இந்தத் தொகுப்பு யாருக்குப் பயன்படுமோ அவர்களையே அடையாளம் காண முடியாத படிவத்தை வைத்துக்கொண்டு அதை விற்பது எப்படிப் பொருந்தும்?

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நுரையீரல் உறையிலேயே தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், கல்நாரைத் தொட்டு முப்பது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதை இந்த ஸ்கேன் முன்கூட்டியே பிடித்து உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. யாரேனும் அப்படிச் சொல்லித் தொகுப்பை விற்றால் நம்ப வேண்டாம். நான் பார்த்த மையம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

நெஞ்சக மருத்துவரின் குறிப்போடும் அப்பாவின் பழைய ஆலை அடையாள அட்டையின் நகலோடும் மையத்துக்குச் சென்று, ரிப்போர்ட்டைத் திருத்தித் தரும்படி கேட்டேன். சண்டை போடும் மனநிலையில் போனேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை. படம் படித்த மருத்துவரே வெளியே வந்து, அப்பாவிடம் வேலையைப் பற்றி இருபது நிமிடம் கேட்டு எழுதிக்கொண்டு, படங்களை மீண்டும் பார்த்தார். அன்று மாலையே கூடுதல் அறிக்கை ஒன்று கட்டணமின்றித் தரப்பட்டது: இரு பக்கமும் சுண்ணாம்பேறிய உறைத் தகடுகள், தொழில்வழிக் கல்நார்த் தொடர்புக்கு ஒத்தவை, குப்புறப் படுத்த நிலையில் திசுத் தழும்பு இல்லை, முடிச்சு 2ஆம் வகை. முதலில் எழுதியது பொருந்தாது என்பதையும் அதே தாளில் குறிப்பிட்டிருந்தார். தவறைத் தாளில் ஒப்புக்கொள்ளும் மருத்துவர்கள் அரிது. அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

அந்தத் தாளை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்தினேன் என்று சிலர் கேட்டார்கள். தகடுக்கென்று இழப்பீடு எதுவும் கிடைக்கப்போவதில்லை; சட்டம் தொழில் நோயாகக் கணக்கில் கொள்வது அஸ்பெஸ்டோசிஸையும் கல்நாரால் வரும் புற்றுநோய்களையும்தான். ஆனால் நாளை அப்படி ஏதேனும் வந்தால், வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை யார் மெய்ப்பிப்பது? 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையிலிருந்து நின்ற பிறகு 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்த நோய் எத்தனை காலம் பதுங்கியிருக்கும் என்பதை அறிந்து இடப்பட்ட ஆணை அது. ஆனால் அப்பா வேலை பார்த்தது கல்நார் ஆலையில் இல்லை. கல்நாரைப் பயன்படுத்திய பஞ்சாலையில். அங்கே அப்படி ஒரு பதிவேடே இருந்ததில்லை. ஆலை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. 26 ஆண்டு வேலை அவர் உடலில் என்ன செய்தது என்பதற்கு அந்தக் கூடுதல் அறிக்கையைத் தவிர வேறு எழுத்து எதுவும் உலகில் இல்லை.

ஸ்கேன் எடுத்த தரத்துக்கும் பணியாளர்களின் பண்புக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். முடிச்சைப் படித்த விதத்துக்கும் அவ்வாறே. பிற கண்டறிதல்களை எழுதிய விதத்துக்கும், படங்களைத் தந்த விதத்துக்கும் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. அடுத்த ஆண்டும் அதே மையத்துக்குத்தான் போவோம்; ஒரே இயந்திரத்தில் ஒரே முறையில் எடுத்தால்தான் அந்த 5 மில்லிமீட்டர் முடிச்சு வளர்ந்திருக்கிறதா என்பதைச் சரியாக ஒப்பிட முடியும். பாய்லர், நீராவிக் குழாய்ப் பூச்சு, கல்நார்க் கூரைத் தகடு, பிரேக் கட்டை தேய்ப்பு, பழைய கப்பலையோ கட்டடத்தையோ உடைப்பது ஆகிய வேலைகளில் இருந்தவர்கள் வீட்டில் யாரேனும் இருந்தால், ஸ்கேனுக்குப் போகும்போது படிவம் கேட்காவிட்டாலும் ஒரு தாளில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இடத்தில், கையால் என்ன செய்தார் என்று எழுதி, அதைப் படம் படிக்கும் மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். ‘மில் வேலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘பழைய பூச்சைத் தட்டி எடுத்தார்’ என்று எழுத வேண்டும்.

கூடுதல் அறிக்கையைக் காட்டுவதற்காக நெஞ்சக மருத்துவரிடம் மீண்டும் போனபோது அம்மாவும் உடன் வந்திருந்தார். எல்லாம் பேசி முடித்து எழுந்த நேரத்தில், ‘அவரோட காக்கி உடுப்பை நாந்தானுங்க துவைப்பேன். தண்ணியில போடறதுக்கு முன்னால தூசி போக உதறுவேன்’ என்றார், யாரும் கேட்காமலேயே. மருத்துவர் மீண்டும் உட்கார்ந்தார். தூசி படிந்த உடுப்பைத் துவைத்த மனைவியரிடமும் இந்த நோய்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன என்றும், புகைப் பழக்கமும் தொந்தரவும் இல்லாத அம்மாவுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அம்மாவின் பெயரில் ஒரு புதிய சீட்டு போடச் சொல்லி, அதன் தலைப்பில் எழுதினார்: கணவர் பாய்லர் வேலை, 1977–2003, வேலை உடுப்பை வீட்டில் உதறித் துவைத்தவர்.